காசைக் கரியாக்காம கரியை எடுப்பது எப்படி? வீட்டுல இன்ஜின் பாகங்களைச் சுத்தம் பண்றவங்களுக்கு ஒரு கணக்கும் ஒரு பாடமும்



பழைய பைக்கை வித்துட்டுப் புதுசு வாங்குறதா, இல்ல இன்ஜினை இறக்கி வேலை பார்க்குறதா? சம்பளம் வாங்க ஆரம்பிச்ச முதல் சில வருஷத்துல நிறைய பேருக்கு வர்ற கேள்வி இது. ரெண்டாவது வழியை எடுக்கிறவங்கள்ல பல பேர், "கழட்டி மாட்டுறதை மெக்கானிக் பார்க்கட்டும், கழுவுற வேலையை நானே பண்ணிக்கிறேன்"னு சொல்றாங்க. நல்ல யோசனைதான். ஆனா கழுவுறதுதானேன்னு லேசா எடுத்துக்கிட்டா, மிச்சம் பிடிச்ச ஐநூறு ரூபாய் ஏழாயிரம் ரூபாய் செலவா திரும்பி வரும்.

அதனால இந்தப் பதிவுல ரெண்டு விஷயம். எந்தப் பாகத்தை எப்படிச் சுத்தம் பண்ணணும், எந்த வேலையில மிச்சம் பிடிக்கலாம், எதுல பிடிக்கவே கூடாது. உதாரணத்துக்கு எல்லாருக்கும் தெரிஞ்ச ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரை எடுத்துக்குவோம். 1994-ல வந்த வண்டி, 97.2 சிசி, ஒரே சிலிண்டர், காத்துல குளிர்ற இன்ஜின். இதுல புரிஞ்சா மத்த சின்ன இன்ஜின்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதல்ல பணக் கணக்கு

கீழே வர்ற தொகையெல்லாம் கணக்குப் புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்ட எண்கள். உங்க ஊர் விலையைப் போட்டு மாத்திக்குங்க.

80,000 ரூபாய் கடன் வாங்கிப் புது பைக் எடுக்கிறீங்க. 12% வட்டி, 36 மாசம். இஎம்ஐ சுமார் 2,657 ரூபாய். மொத்தம் கட்டுறது 95,652 ரூபாய், அதுல வட்டி மட்டும் 15,652. அதே நேரம் பழைய இன்ஜினை முழுசா சரி பண்ண 12,000 ரூபாய் ஆகுதுன்னு வைங்க. அது நாலரை மாச இஎம்ஐ. வண்டி இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஒழுங்கா ஓடினா உங்களுக்கு லாபம்.

ஆனா செலவு பண்றதுக்கு முன்னாடி ஆர்சி புக்கை எடுத்துப் பாருங்க. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷம்தான். அதுக்கப்புறம் எஃப்சி காட்டிப் புதுப்பிக்கணும். அந்தத் தேதி நெருங்கிட்டா புதுப்பிக்கிற செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போடணும். ஃபிரேம் துருப்பிடிச்சு, வயரிங் போய், ஃபோர்க்கும் ஒழுகுற வண்டிக்கு இன்ஜினை மட்டும் புதுசாக்கிப் பிரயோஜனம் இல்லை.

அடுத்து உங்க நேரத்தோட விலை. மாசம் 30,000 சம்பளம், 26 நாள், ஒரு நாளைக்கு 8 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 144 ரூபாய். சுத்தம் பண்ண 6 மணி நேரம் ஆச்சுன்னா 864 ரூபாய். பட்டறைக்காரர் அதே வேலைக்கு 700 கேட்டா அவர்கிட்ட குடுக்கிறதுதான் லாபம் மாதிரி தெரியும். ஆனா ஞாயித்துக்கிழமை மதியம் வீட்டுல உக்கார்ந்திருந்தா யாரும் உங்களுக்கு மணிக்கு 144 ரூபாய் தரப்போறதில்லை. ஓவர்டைம் இல்லாத வேலையில இருக்கிறவங்களுக்கு அந்த 700 நிஜமான மிச்சம். ஓவர்டைம் கிடைக்கிறவங்களுக்கு இல்லை. முதல்ல நீங்க எந்தப் பக்கம்னு பார்த்துக்குங்க.

சுத்தத்துல அப்படி என்ன இருக்கு?

பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல சில பங்குதான். நம்ம தலைமுடி ஒண்ணு அந்த இடைவெளியில நுழையவே கஷ்டப்படும். அதுல ஒரு மணல் துகள் மாட்டினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. புது பிஸ்டன், புது ரிங், புதுசா போர் போட்ட பிளாக் எல்லாத்தையும் அந்தத் துகள் கீறிக்கிட்டே இருக்கும். கொஞ்ச நாள்லயே வண்டி திரும்பப் புகை விட ஆரம்பிக்கும். "மெக்கானிக் ஏமாத்திட்டார்"னு நினைப்போம். காரணம் நாம சரியா கழுவாததா இருக்கலாம்.

உலோகத்தைப் பிரிச்சு வைங்க

கழட்டின எல்லாத்தையும் ஒரே டப்பாவுல போட்டு ஊற வைக்கிறதுதான் முதல் தப்பு. மூணு கும்பலாப் பிரிங்க.

- அலுமினியம்: சிலிண்டர் ஹெட், பிஸ்டன், கிராங்க் கேஸ், கிளட்ச் கவர், கார்புரேட்டர். எடை குறைவு, காந்தம் ஒட்டாது.
- இரும்பு, ஸ்டீல்: பிளாக்கோட உள்சுவர், கிராங்க், கியர், வால்வு, டைமிங் செயின். காந்தம் ஒட்டும். (சில வால்வுகள்ல மட்டும் லேசாத்தான் ஒட்டும்.)
- கழுவக் கூடாதது: ரப்பர் ஆயில் சீல், ஓ ரிங், பேக்கிங், கிளட்ச் பிளேட், ரெண்டு பக்கமும் மூடி போட்ட பேரிங். இதுல சீலும் பேக்கிங்கும் எப்படியும் புதுசுதான் போடப் போறீங்க. மூடி போட்ட பேரிங்கை ஊற வைச்சா உள்ளே இருக்கிற கிரீஸ் கரைஞ்சு போயிடும்.

ஸ்க்ரூ, போல்ட்டுகளை ஒவ்வொரு கவர் வாரியா தனித்தனி கவர்ல போட்டு பேர் எழுதுங்க. கழட்டும்போது மொபைல்ல போட்டோ எடுங்க. செலவே இல்லாத இன்சூரன்ஸ் இது.

இதெல்லாம் கண்டிப்பா வேண்டாம்

காஸ்டிக் சோடா. அடைச்ச சிங்க்கைத் திறக்கிற பவுடர்லயும் இதுதான் இருக்கும். இரும்புல இருக்கிற கிரீஸை நல்லா எடுக்கும், அது உண்மை. ஆனா அலுமினியத்தை அரிச்சுக் கரைக்கும், அப்போ ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அது தீப்பிடிக்கிற வாயு. ராத்திரி ஊற வைச்ச ஹெட்டைக் காலையில எடுத்தா பேக்கிங் உக்கார்ற முகமெல்லாம் கறுத்துக் குழி விழுந்திருக்கும்.

டாய்லெட் ஆசிட். அலுமினியம், இரும்பு ரெண்டையும் அரிக்கும். கழுவி எடுத்த கொஞ்ச நேரத்துலயே இரும்பு துருப்பிடிக்கும். கடினமாக்கின ஸ்டீல், ஸ்பிரிங் மாதிரி பாகங்களை உடையிற தன்மைக்குக் கொண்டு போகும். புளியும் எலுமிச்சையும் குத்துவிளக்கோட நிக்கட்டும், பிஸ்டன் பக்கம் வேண்டாம்.

பெட்ரோல். வண்டியிலயே இருக்கு, சும்மா கிடைக்குதுன்னு நிறைய பேர் இதைத்தான் எடுக்கிறாங்க. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலயே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடுற திரவம் இது. அந்த ஆவி காத்தைவிடக் கனம், தரையோட தரையா ஓடிப் பக்கத்து அறையில இருக்கிற கேஸ் அடுப்பு வரைக்கும் போகும். சுவிட்சுல வர்ற ஒரு பொறி போதும். அது போதாதுன்னு புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பென்சீனும் அதுல இருக்கு. மருத்துவமனை பில் முன்னாடி இன்ஜின் பில் ஒண்ணுமே இல்லை.

சாதாரண மணல் பிளாஸ்டிங். வெளியே பளபளன்னு வரும். ஆனா ஆயில் ஓட்டைகள்ல, நூல் வெட்டின துளைகள்ல துகள் போய் உக்கார்ந்துக்கும். எத்தனை தடவை கழுவினாலும் ஒண்ணு ரெண்டு மிச்சம் இருக்கும். வெளிக் கவருக்கு வேணா பண்ணுங்க, பண்ணிட்டுக் கொதிக்கிற தண்ணியில கழுவுங்க. உள் பாகங்களுக்கு வேண்டாம்.

உப்புத்தாள், பாத்திரம் தேய்க்கிற பச்சை நார், சுத்துற அப்ரேசிவ் டிஸ்க். அந்த மாதிரிப் பொருள்ல இருந்து உதிர்றது பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு துகள். பேரிங்குக்கு எமன். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே தன்னோட சர்வீஸ் ஆட்களுக்கு, பேக்கிங் முகத்தைச் சுத்தம் பண்ண இந்த மாதிரி டிஸ்க்கைப் பயன்படுத்தாதீங்கன்னு எழுத்துல எச்சரிக்கை குடுத்திருக்கு. போதாததுக்கு, தேய்ச்ச இடம் பள்ளமாகி ஆயில் கசியும்.

அப்போ எதுல கழுவறது?

மண்ணெண்ணெய் அல்லது டீசல் போதும். பட்டறைகள்ல காலம் காலமா இதுதான். மண்ணெண்ணெய் தீப்பிடிக்கிற ஆவி விடுறதுக்குச் சுமார் 38 டிகிரி வெப்பம் வேணும். பெட்ரோலைவிடப் பாதுகாப்பு. ஆனா நம்ம ஊர் மே மாச மொட்டை மாடி வெயில் 38-ஐத் தாண்டும்ங்கிறதை மறக்காதீங்க. நிழல்ல, காத்தோட்டமான இடத்துல, காலையிலயோ சாயங்காலமோ பண்ணுங்க. சிகரெட், அடுப்பு, இன்வெர்ட்டர் எதுவும் பக்கத்துல கூடாது. ஒரு வாளி மணல் கையெட்டுற தூரத்துல இருக்கட்டும். தண்ணி ஊத்தி அணைக்கப் பார்த்தா எண்ணெய் மிதந்து தீ பரவும்.

இது கூட நைட்ரைல் கையுறை, கண்ணாடி, நைலான் பிரஷ், பித்தளை பிரஷ், ஒரு பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர், துணி துவைக்கிற சோப்பு பவுடர். இவ்வளவுதான் முதலீடு. தண்ணி கலந்து பயன்படுத்துற டிகிரீசர் வாங்கினா, அலுமினியத்துக்குப் பாதுகாப்புன்னு லேபிள்ல இருக்கான்னு படிச்சுட்டு வாங்குங்க.

படிப்படியா பார்க்கலாம்

1. கழட்டுறதுக்கு முன்னாடி வெளிப்புறம். சைலன்சர் ஓட்டை, கார்புரேட்டர் ஓட்டை ரெண்டையும் அடைச்சுட்டு, இன்ஜின் வெளியே ஒட்டின சேறு, ஆயில் பிசுக்கு எல்லாத்தையும் கழுவிக் காய வைங்க. திறந்தப்புறம் அந்தச் சேறு உள்ளே விழுந்தா வேலை ரெட்டிப்பு.

2. காய்ஞ்ச அழுக்கைச் சுரண்டுங்க. கெட்டியான பிசுக்கைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால எடுத்துட்டு அப்புறம் ஊற வைங்க. மண்ணெண்ணெய் செலவு பாதியாகும்.

3. ரெண்டு தட்டு முறை. முதல் தட்டுல அழுக்கு மண்ணெண்ணெய், ரெண்டாவதுல சுத்தமானது. முதல்ல ஊற வைச்சுத் தேய்ச்சு, ரெண்டாவதுல அலசுங்க. முதல் தட்டு ரொம்பக் கறுத்துப் போச்சுன்னா ரெண்டாவது முதலாவதாகும், புதுசா கொஞ்சம் ஊத்திக்கலாம்.

4. கார்பன் எடுக்கிறது. பிஸ்டன் தலை, ஹெட்டோட எரியிற அறை, புகை போற வழி, இந்த மூணு இடத்துலயும் கரி கல்லு மாதிரி இருக்கும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடிச்சு ஊற விட்டு, மூங்கில் குச்சி, பிளாஸ்டிக், பித்தளை பிரஷ் இதுகளால எடுங்க. ஸ்டீல் கம்பி பிரஷும் ஸ்க்ரூ டிரைவரும் அலுமினியத்துல படவே கூடாது. அவசரப்படாதீங்க. ஒரு தடவைல வரலைன்னா திரும்ப ஊற வைங்க. பழைய பிஸ்டனையே திரும்பப் போடுறதா இருந்தா ரிங் உக்கார்ற பள்ளத்தையும் சுத்தம் பண்ணணும். உடைஞ்ச பழைய ரிங் துண்டால கரியை மட்டும் எடுங்க, உலோகத்தைச் சுரண்டிட்டா ரிங் ஆட ஆரம்பிச்சிடும்.

5. பேக்கிங் முகம். பழைய பேக்கிங் ஒட்டிக்கிட்டு வராது. எண்ணெயிலயோ பேக்கிங் ரிமூவர்லயோ ஊற வைச்சு, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரைப் படுக்க வைச்சுத் தள்ளுங்க. இந்த வேலைக்குத்தான் அதிக பொறுமை வேணும். இங்கே ஒரு கீறல் விழுந்தா காலம் பூரா கசிவு.

6. ஆயில் போற வழிகள். நைலான் குழாய் பிரஷை விட்டு இழுத்து, மண்ணெண்ணெய் பாய்ச்சி, பஞ்சர் கடை கம்ப்ரஸர்ல காத்து அடிங்க. ஒரு பக்கம் டார்ச் அடிச்சா மறு பக்கம் வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. வளைஞ்சு போற வழின்னா மண்ணெண்ணெய் தாராளமா வழியுதான்னு பாருங்க. காத்து அடிக்கும்போது கண்ணாடி கட்டாயம். பேரிங்கைக் காத்தால சுத்த விட்டு விளையாடாதீங்க. ஆயில் இல்லாம அந்த வேகத்துல சுத்தினா கெட்டுப் போகும், சில நேரம் குண்டு தெறிக்கவும் செய்யும்.

7. மறந்து போற இடம். ஸ்பிளெண்டர்ல கார்ல இருக்கிற மாதிரி காகித ஆயில் ஃபில்டர் கிடையாது. கிளட்ச் பக்கத்துக் கவருக்குள்ளே கிராங்க் முனையில ஒரு வட்டக் கிண்ணம் சுத்தும். அழுக்கை ஓரத்துக்கு வீசிச் சுவர்ல ஒட்ட வைக்கிற சென்ட்ரிஃப்யூகல் ஃபில்டர் அது. மூடியைத் திறந்தா உள்ளே கறுப்பு மெழுகு மாதிரி படிஞ்சிருக்கும். அதைச் சுத்தமா வழிச்சு எடுங்க. கிராங்குக்குப் போற ஆயில் இந்த வழியாத்தான் போகுது. கீழே சின்ன வலை ஒண்ணு இருக்கும், அதையும் கழட்டிக் கழுவுங்க.

போர் போட்ட பிளாக்: இந்த ஒரு இடத்துல கஞ்சத்தனம் வேண்டாம்

லேத்ல இருந்து பிளாக் வரும்போது பளிச்சுன்னு இருக்கும். "இதுக்கு மேல என்ன சுத்தம்?"னு தோணும். ஆனா ஹோனிங் பண்ணின குறுக்குக் கோடுகளுக்குள்ளே கல்லோட தூள் நிறைய இருக்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல், பிரேக் கிளீனர் எதுவுமே அதைச் சரியா எடுக்காது. எண்ணெய்தான் போகும், தூள் அங்கேயே தங்கும்.

இதுக்கு மருந்து வீட்டுலயே இருக்கு. சூடான தண்ணி, சோப்பு, நைலான் பிரஷ். நுரையோட நல்லா தேய்ச்சுக் கழுவி, அலசி, உடனே துடைங்க. அப்புறம் வெள்ளைத் துணியில கொஞ்சம் இன்ஜின் ஆயில் தொட்டு உள்சுவரைத் துடைங்க. துணியில சாம்பல் நிறம் வந்தா திரும்பச் சோப்பு. நிறமே வராத வரைக்கும். மூணு நாலு தடவை ஆகலாம். வார்ப்பிரும்பு நிமிஷக் கணக்குல துருப்பிடிக்கும், அதனால காய்ஞ்சதும் ஆயில் தடவிப் பாலித்தீன் கவர்ல மூடி வைங்க. கடைசித் துடைப்புக்குப் பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் உதிரும். பழைய பருத்தி வேட்டித் துண்டு நல்லது.

இப்போ இதோட கணக்கைப் பாருங்க. இந்த வேலையை விட்டுட்டா உங்களுக்கு மிச்சம் ஒரு மணி நேரம், அதாவது 144 ரூபாய். கெட்டுப் போனா திரும்ப போர், பிஸ்டன், ரிங், பேக்கிங், லேபர் எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய்னு வைங்க. பத்துல ஒரு வாய்ப்பு இருந்தாக்கூட எதிர்பார்க்கும் நஷ்டம் 700 ரூபாய். நூத்துல ரெண்டு வாய்ப்புன்னாலே 140 ரூபாய், ஏறக்குறைய சமம். அதுக்கு மேல எவ்வளவு ஆபத்து இருந்தாலும் கழுவுறதுதான் லாபம். டேர்ம் இன்சூரன்ஸ் எடுக்கும்போது நாம போடுற அதே கணக்குதான் இது: சின்ன நிச்சயச் செலவு, பெரிய சந்தேக நஷ்டம்.

எதுக்குக் காசு குடுக்கலாம்?

கார்புரேட்டர் ரொம்ப அடைச்சிருந்தா அல்ட்ராசோனிக் மெஷின்ல போடுறது நல்ல வழி. மெஷின் வாங்கலாமான்னு கேட்டா, ஒரு பயன்பாட்டுக்கு எவ்வளவுன்னு பாருங்க. 5,000 ரூபாய்க்கு வாங்கி ரெண்டு தடவை பயன்படுத்தினா ஒரு தடவைக்கு 2,500. வெளியே 500-க்குப் பண்ணிக் குடுத்தா வாங்கக் கூடாது. பத்து தடவைக்கு மேல பயன்படுத்துற ஆளுக்குத்தான் மெஷின். அப்படி வாங்கினாலும் அதுல பெட்ரோல், தின்னர் ஊத்தாதீங்க. தண்ணியில கலக்குற திரவம்தான்.

போர் போடுறது, வால்வு சீட் வெட்டுறது, கிராங்க் வேலை இதெல்லாம் லேத்துக்காரர் வேலை. கழுவி முடிச்சப்புறம் வால்வு சரியா உக்காருதான்னு நீங்களே பார்க்கலாம். ஹெட்டைத் தலைகீழா வைச்சு, பிளக்கை மாட்டி, எரியிற அறையில மண்ணெண்ணெய் ஊத்துங்க. கொஞ்ச நேரத்துல போர்ட் வழியா கசிஞ்சா வால்வை லேப்பிங் பண்ணணும்.

கழிவை என்ன பண்றது?

கறுத்த மண்ணெண்ணெயையும் பழைய ஆயிலையும் சாக்கடையிலயோ செடிக்குப் பக்கத்துலயோ ஊத்தாதீங்க. 2016-ம் வருஷத்து அபாயக் கழிவு விதிகள்ல பழைய ஆயில் அபாயக் கழிவு. மண்ணெண்ணெயை ஒரு கேன்ல ரெண்டு நாள் அசையாம வைச்சா அழுக்கு அடியில தங்கும், மேல இருக்கிறதை வடிச்சு அடுத்த தடவை முதல் தட்டுக்குப் பயன்படுத்தலாம். மிச்சத்தை மூடின கேன்ல போட்டு, பழைய ஆயிலை மறுசுழற்சிக்குச் சேர்த்து அனுப்புற சர்வீஸ் சென்டர்ல குடுங்க. பழைய ஆயிலையும் அந்தக் கழிவையும் ஒண்ணா கலக்காம தனித்தனியா வைங்க. எண்ணெய்த் துணிகளை மூடி போட்ட தகர டப்பாவுல போடுங்க, வீட்டுக்குள்ளே குவிச்சு வைக்க வேண்டாம்.

மாட்டுறதுக்கு முன்னாடி அஞ்சு கேள்வி

- வெள்ளைத் துணியால துடைச்சா கறை வருதா?
- எல்லா ஆயில் வழியிலயும் வெளிச்சமோ எண்ணெயோ தாராளமா வருதா?
- போல்ட் துளைகளுக்குள்ளே தண்ணி, எண்ணெய் நிக்குதா? (நின்னா முறுக்கும்போது கேஸ் விரிசல் விடலாம்.)
- இரும்பு பாகங்களுக்கு ஆயில் தடவியாச்சா?
- பழைய சீல், ஓ ரிங் எதாவது "இது நல்லாத்தானே இருக்கு"ன்னு திரும்பப் போகுதா?

அஞ்சுக்கும் சரியான பதில் இருந்தா மெக்கானிக்கைக் கூப்பிடலாம். ஒண்ணு இடிச்சாலும் இன்னொரு ஞாயித்துக்கிழமை காத்திருங்க. ஆபீஸுக்கு ஒரு வாரம் பஸ்ல போறதுக்கு ஆகுற செலவு, இன்ஜினைத் திரும்ப இறக்குற செலவுல ஒரு சின்னப் பங்குதான்.

அடுத்த வீடியோல ஸ்பேர் பார்ட்ஸ் பில்லை எப்படிச் சரிபார்க்கிறது, எந்தப் பாகத்துக்கு ஒரிஜினல் கட்டாயம், எதுக்கு வேற கம்பெனி போதும்னு பார்க்கலாம். உங்க ஊர்ல போர் வேலைக்கும் ஹெட் வேலைக்கும் எவ்வளவு வாங்குறாங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க. ஊர் வாரியா ஒரு பட்டியல் போட்டா எல்லாருக்கும் உதவும்.